உப்பளக் கரை வீடு

மரக்காணத்தில் சித்திரை மாதத்து வேலை விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பேருந்துகள் முகப்பு விளக்கை அணைக்காமல் போய்க்கொண்டிருக்க, பாத்திகளில் மடித்துக் கட்டிய கைலிகள் தெரிகின்றன. நீளக் கம்பின் நுனியில் குறுக்குப் பலகை. அதைத் தண்ணீருக்கடியில் அழுத்தி ஒருவர் பின்னால் நடக்க, படிந்து கிடந்த உப்பு கரகரவென்று உரசிக்கொண்டு வரப்புக்கு வருகிறது. பெண்கள் கூடையில் அள்ளுகிறார்கள். சும்மாடு, கூடை, வழுக்கும் வரப்பு, சாலையோர அம்பாரம், மறுபடி வரப்பு. வெயில் ஏறுவதற்குள் எத்தனை நடை முடிகிறதோ அத்தனை நல்லது என்பதால் யாரும் நின்று பேசுவதில்லை. கால் விரல் இடுக்குகளில் வெடிப்பு உள்ளவர்கள் உப்புத் தண்ணீரில் முதல் அடி வைக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள்.

பாத்திக்கும் சாலைக்கும் நடுவே ஒரு வரிசை வீடுகள். அதில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு மட்டும் புதிதாகக் கொசுவலை அடித்திருக்கிறார்கள். வலைக்குப் பின்னால் ஒரு சிறுமி. ஏழு வயது இருக்கலாம். பெரியவர்களுக்கான முகக்கவசத்தைக் காதோரம் முடிச்சுப் போட்டுச் சிறிதாக்கி மாட்டியிருக்கிறாள். தலையில் முடி இப்போதுதான் வருகிறது. வந்த கொஞ்சமும் சுருண்டு நிற்கிறது. பாத்தியில் பலகை இழுப்பவர் ஒவ்வொரு முறை இந்தப் பக்கம் திரும்பும்போதும் அவள் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டுகிறாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். கையை உயர்த்துவதில்லை, இரண்டு கையும் கம்பில் இருக்கிறது. தலையை மட்டும் ஆட்டுகிறார்.

எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் லாரி ஓட்டுநர் ஒருவர் அந்த ஜன்னலையே பார்ப்பதைக் கண்டு கடைக்கார அம்மாள் தானாகவே சொல்கிறார்: "ஒடம்புல ரத்தமே ஊறலையாம் அந்தப் பாப்பாவுக்கு. அதோ சைக்கிள் தொடைக்கிறான் பாரு, அவ அண்ணன், அவன் எலும்புலருந்து எடுத்து ஏத்தியிருக்காங்க. ஆறு மாசமாச்சு. இன்னும் வெளிய வுடமாட்றாங்க." பேச்சு காதில் விழுந்த பையன் துணியை வேகமாகத் தேய்க்கிறான். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. இடுப்புக்குப் பின்னால் ஊசி இறங்கிய இடம் எப்போதோ ஆறியிருக்கும். கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் கொடுத்தவர் உடம்பில் மறுபடி ஊறிவிடும். ஆனால் தெருவில் அவன் நிற்கிற விதத்தில் அது இன்னும் இருக்கிறது.

இந்தச் சிகிச்சை நம் நாட்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மஜ்ஜை மாற்று தொடங்கியது. இன்று சென்னையில் தனியார் மருத்துவமனைகளோடு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அதற்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. காப்பீட்டு அட்டையோடு கூலித் தொழிலாளியின் குழந்தையும் அந்தக் கதவுக்குள் போக முடிகிறது. தலசீமியா, ரத்தப் புற்று, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் என்று காரணம் எதுவானாலும் வழி ஒன்றுதான். கடும் மருந்துகளால் குழந்தையின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு பொருந்துகிறவரின் ஸ்டெம் செல்களை, ரத்தம் ஏற்றும் முறையிலேயே நரம்பில் ஏற்றுகிறார்கள். அவை எலும்புக்குள் போய்த் தங்கிப் புதிய ரத்தம் செய்யத் தொடங்க இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

அந்த இரண்டு மூன்று வாரம்தான் ஆபத்தின் மையம். உடம்பில் வெள்ளையணு கிட்டத்தட்ட இல்லை. மஜ்ஜையை அழித்த அதே மருந்து வாயிலிருந்து குடல் வரை உள்தோலையும் புண்ணாக்கியிருக்கிறது. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் குழந்தைகள் அழும் நாட்கள் அவை. அந்தப் புண்களின் வழியாக, இதுவரை குடலில் சும்மா இருந்த பாக்டீரியா ரத்தத்துக்குள் இறங்குகிறது. வெளியிலிருந்து வரும் கிருமிக்குக் காற்று வடிகட்டி இருக்கிறது, கையுறை இருக்கிறது, இரட்டைக் கதவு இருக்கிறது. குழந்தையின் வயிற்றுக்குள்ளிருந்து வருவதற்குக் கதவு கிடையாது. அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ள மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் சில மணி நேரத்தில் குழந்தை போய்விடலாம். ஆன்டிபயாட்டிக்கை உடனே ஏற்றுகிறார்கள். காய்ச்சல் நிற்கவில்லையென்றால் அடுத்தது, அதைவிட வலியது. மெரோபெனம். அதற்கும் மேலே கோலிஸ்டின். அவர்கள் செய்வது சரி. வேறு வழியும் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. பாத்திகளின் நிறம் இப்போது நன்றாகப் பிரிந்து தெரிகிறது. முதல் தெப்பத்தில் தண்ணீர் சாம்பல் நிறம், அடுத்ததில் வெளிர் பச்சை, உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் செம்மை. கடல் நீர் உள்ளே வரும்போது மூன்று மூன்றரை டிகிரி அடர்த்தி. பாத்தி மாறி மாறி வெயில் குடித்து, இருபத்தைந்தை எட்டும்போது உப்பு கட்டத் தொடங்குகிறது. இந்தப் பயணத்தில் மீன் குஞ்சும் பாசியும் சாதாரணக் கடல் நுண்ணுயிர்களும் ஒவ்வொரு பாத்தியாகச் செத்து ஒழிகின்றன. கடைசித் தண்ணீரில் உயிரே இருக்கக்கூடாது. ஆனால் அதுதான் சிவந்து கிடக்கிறது. மற்றவை இருந்தபோது இடம் கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்த, உப்பைத் தாங்கும் சில உயிர்கள், எல்லாம் செத்த பிறகு பாத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டதால் வந்த சிவப்பு அது.

ஆன்டிபயாட்டிக் இறங்கிய குடலில் நடப்பதும் இதுவே. மருந்துக்குப் பணியாதவை சிலவே இருந்திருக்கும். பணிகிறவை அழிந்ததும் குடல் அவற்றுக்குச் சொந்தமாகிறது. ஆனால் குடல் உப்புப் பாத்தியைவிட மோசமான இடம். மருந்தை முறிக்கும் திறனை எழுதி வைத்திருக்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். தன் இனத்துக்குத்தான் கொடுக்கும் என்பதும் இல்லை. ஈ.கோலை வைத்திருப்பது கிளெப்சியெல்லாவுக்குப் போகும். ஒரே வளையத்தில் நான்கைந்து வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு வரிசையாக உட்கார்ந்திருப்பதும் உண்டு.

இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகக் குழு ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட எட்டுக் குழந்தைகளின் மலத்தை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து, அதில் இருந்த எதிர்ப்பு மரபணுக்கள் அனைத்தையும் படித்து 2019இல் வெளியிட்டது. எட்டில் நான்கு குழந்தைகளுக்கு, ஏற்றப்பட்ட புதிய அணுக்களே குழந்தையின் உடம்பை அந்நியம் என்று தாக்கும் நோய் வந்தது. அந்த நால்வரின் குடலில் எதிர்ப்பு மரபணுக்கள் பெருகியிருந்தன. முன்பே இருந்தவை வலுத்திருந்தன, புதியவையும் சேர்ந்திருந்தன. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காத மருந்து வகைகளுக்கும் எதிர்ப்பு கூடியிருந்தது. இதைப் படித்தபோது நான் அதிகம் கலங்கியது இங்கேதான். மருந்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்று எட்டுக் குழந்தைகளின் குடல் சொல்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தினர் இன்னும் அதிகமான குழந்தைகளைப் பார்த்தார்கள். காற்றில்லாமல் வாழும் குடல் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டபோது எதிர்ப்பு மரபணுக்கள் மேலும் பெருகுவதைக் கண்டார்கள். குடலைக் காத்துக்கொண்டிருந்தவையே அந்தப் பாக்டீரியாக்கள்தான்.

ஆக, மருந்து இறங்குவதற்கு முன் அந்தக் குடலில் என்ன இருந்தது என்ற கேள்வி வருகிறது. அதற்கு விடை வார்டில் இல்லை.

மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே உள்ள மெடிக்கலில் கூட்டம். அம்பாரத்துக்கு உப்பு சுமந்த பெண்களில் ஒருவர் கவுன்டரில் கையை ஊன்றி நிற்கிறார். கண் சிவந்திருக்கிறது. "ஜொரத்துக்கு ஒரு செட்டு போட்டுக் குடுப்பா. நாளைக்கு வேலைக்குப் போவணும்." கடைப் பையன் மறுபேச்சில்லாமல் எடுக்கிறான். காய்ச்சல் மாத்திரை இரண்டு, வயிற்றெரிச்சலுக்கு இரண்டு, சளிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, பிறகு செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிய இரண்டு. அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு நடுவில் வெட்டுப்படுகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதே என்பதற்காக 2016இல் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த கோடு அது. "அக்கா, சாப்ட்டுப் போடுங்க" என்கிறான் பையன் அக்கறையோடு. அவர் அங்கேயே தண்ணீர் வாங்கி முழு செட்டையும் போட்டுக்கொண்டு போகிறார்.

செஃபிக்ஸிம் உள்ளிட்ட மருந்துகளை 2014 மார்ச் முதல் தனி அட்டவணையில் வைத்திருக்கிறது அரசு. சீட்டு வேண்டும், எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் சென்னைக்கும் பங்கு உண்டு. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் பல சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்தக் கேட்டு வெளியிட்ட அறிக்கை 'சென்னைப் பிரகடனம்' என்றே உலகில் அறியப்படுகிறது. அதை முன்னின்று நடத்திய அப்துல் கஃபூர் புற்றுநோயாளிகளுக்கு வரும் தொற்றுகளைப் பார்க்கும் மருத்துவர். ரத்தத்தில் வெள்ளையணு இல்லாத நோயாளியின் கட்டிலருகே நின்றவருக்குத்தான் தெருமுனை மெடிக்கலின் கத்தரி அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

உப்பு சுமக்கும் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. காய்ச்சலோடு அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். மழை தொடங்கிவிட்டால் பாத்தியில் வேலையே கிடையாது. இருக்கும் மாதங்களில் ஒரு நாளை விட அவரால் ஆகாது. அவருக்கு வந்தது வைரஸ் காய்ச்சலாக இருந்தால் செஃபிக்ஸிம் அதைத் தொடக்கூடத் தொடாது. இரண்டே மாத்திரை குடலுக்குப் போய், எளிதில் சாகிற பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, சாகாததற்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். சாகாதது அவரோடு வீட்டுக்குப் போகும், கழிப்பறைக்குப் போகும், அங்கிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும்.

சாலையை விட்டு உள்ளே நடந்தால் இறால் குட்டைகள். துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றேற்றிக்கொண்டிருக்கின்றன. இறால் வளர்ப்பில் குளோரம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கில் அவற்றின் சுவடு தெரிந்தாலே வாங்கும் நாடுகள் திருப்பி அனுப்பிவிடும். கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. அதே ஆண்டு, சென்னைச் சந்தைகளில் வாங்கிய இறைச்சி, மீன், காய், பழங்களில் கோலிஸ்டினுக்குப் பணியாத பாக்டீரியா இருப்பதைக் கஃபூரின் குழு எழுதியது. மாற்றுச் சிகிச்சை வார்டில் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கும் மருந்துக்கு, சந்தைக் கூடையில் விடை தயாராக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய செய்தி 2010இல் வந்தது. மெரோபெனம் வகையையே முறிக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை லேன்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரை காட்டியது. முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. அந்தக் கிருமி மாதிரிகளில் 44 சென்னையிலிருந்து எடுத்தவை. அந்த மரபணுவின் பெயரில் உள்ள என்.டி. நியூ டெல்லியைக் குறித்ததால் நாட்டின் மானம் போய்விட்டதென்று அப்போது எழுந்த கூச்சலில், சொல்லப்பட்ட செய்தி பின்னுக்குப் போய்விட்டது. மறு ஆண்டே டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் 171 இடங்களில் எடுத்துப் பார்த்ததில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50இல் இரண்டிலும் அதே மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குள் பிறந்த சிக்கல் என்று நினைத்தது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் கழித்து இந்திய ஆய்வாளர்கள் நலமாக இருக்கும், அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுக்காதவர்களின் மலத்தைச் சோதித்தபோது, பெரும்பாலானவர்களிடம் ஏதோ ஒரு மருந்துக்காவது பணியாத பாக்டீரியா இருந்தது.

குழந்தை வார்டுக்குள் நுழையும்போதே இந்தக் கரை முழுவதும் அவள் குடலில் இருக்கிறது. மெடிக்கல் இருக்கிறது, சந்தை இருக்கிறது, சாக்கடை இருக்கிறது. அவளுக்கு முன்பே காய்ச்சல் வந்தபோதெல்லாம் வெட்டிக் கொடுத்த இரண்டு மாத்திரைகளும் இருக்கின்றன. வார்டு இவற்றை உண்டாக்கவில்லை. அங்கே கொடுத்தாக வேண்டிய மருந்து இவற்றை மலரவைக்கிறது, அவ்வளவே. பொலோன்யாவில் எட்டுக் குழந்தைகள் தொடங்கிய இடத்துக்கும் மரக்காணத்துக் குழந்தை தொடங்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைத்தான் நம் மருத்துவர்கள் ஒவ்வொரு காய்ச்சலிலும் கடக்க வேண்டியிருக்கிறது.

இருட்டிவிட்டது. வரிசை வீட்டில் விளக்கு. கதவு திறந்திருப்பதால் அடுப்படி தெரிகிறது. தாய் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் தம்ளரையும் ஸ்பூனையும் போடுகிறார். சோப்பு போட்டுக் கை கழுவுகிறார். அரிசிக் கஞ்சியை ஆற்ற விசிறியையோ வாயையோ கொண்டுபோகாமல், அகலத் தட்டில் ஊற்றிக் காத்திருக்கிறார். பிறகு மறுபடி கை கழுவுகிறார். சிறுமி தலையைத் திருப்பிக்கொள்கிறாள். அண்ணன் தன் தம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு அவள் பக்கம் பார்க்கிறான். அவள் ஒரு ஸ்பூன் வாங்கிக்கொள்கிறாள். அவன் இன்னொரு வாய். அவள் இன்னொரு ஸ்பூன். தாய் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிண்ணம் தீர வெகுநேரம் ஆகிறது.

அந்தக் கஞ்சிக்கு ஆராய்ச்சியிலும் இடம் உண்டு. வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாத நாட்களில் மூக்கு வழிக் குழாயில் வயிற்றுக்கே உணவு கொடுத்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மாற்றுக்குப் பிறகு தன் பழைய நிலைக்கு மீண்டதையும், நரம்பு வழியாக மட்டும் ஊட்டம் பெற்றவர்களுக்கு அப்படி மீளாததையும் பொலோன்யாக் குழுவினரே எழுதியிருக்கிறார்கள். குடலில் வாழ்கிற நல்லவற்றுக்கும் சோறு வேண்டும். நலமானவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாவை எடுத்து நோயாளிக்குச் செலுத்தி, எதிர்ப்புக் கிருமிகளை வெளியேற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. போலந்தில் ரத்தநோயாளிகளிடம் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் 2019இல் அமெரிக்காவில் ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட ஒருவர், கொடையாளியின் மலத்தோடு வந்த எதிர்ப்பு ஈ.கோலையாலேயே இறந்தார். நம் ஊரில் நலமானவர் குடலே இப்படி இருக்கும்போது கொடையாளியை எங்கே தேடுவது என்ற கேள்வி எளிதானதல்ல. அதுவரை கொதித்த ஸ்பூனும் கஞ்சியும் சோப்பும்தான் அந்த வீட்டின் கைக்கு எட்டியவை. அவற்றை அந்தப் பெண் ஒரு வேளைகூடத் தளர விடுவதில்லை என்பது அவர் விரல்களின் வெளுப்பிலேயே தெரிகிறது.

மறுநாள் விடியுமுன் அவர்கள் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். தாய், சிறுமி, வழியனுப்ப ஆயா. தாய் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மருத்துவமனைக் கோப்பு. மேலட்டையில் சிவப்பு மையில் மூன்று ஆங்கில எழுத்துகள். சி.ஆர்.இ. மெரோபெனம் வகைக்குப் பணியாத குடல் பாக்டீரியா இவளிடம் இருக்கிறது என்பதற்கான குறிப்பு. மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்து இதைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் நம் மையங்களில் வந்துவிட்டது. குறிப்பு இருப்பதால் அவளுக்குத் தனி அறை, அவளைத் தொட்ட கை அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கழுவப்படும். காய்ச்சல் வந்தால் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்காமல், என்.டி.எம் மரபணு உள்ள கிருமிகளுக்கு எதிராகவும் வேலை செய்யும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனாம் கூட்டணியை முதல் மணி நேரத்திலேயே தொடங்கலாம். விலை அதிகமான மருந்து. ஆனால் இருக்கிறது. அந்த மூன்று எழுத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. எனக்கு அது குழந்தையின் பக்கம் நிற்கிற எழுத்தாகவே படுகிறது.

ஆயா சிறுமியின் முகக்கவசத்தைச் சரிசெய்யக் கையை நீட்டுகிறார். தாய் பையிலிருந்து சானிடைசர் புட்டியை எடுத்து நீட்ட, ஆயா தேய்த்துக்கொண்ட பிறகே பேத்தியின் கன்னத்தைத் தொடுகிறார்.

"இதுக்கு ரிசல்ட்டு எப்பம்மா வரும்?"

"மூணு நாளாவும் ஆயா. போன தபா கம்மியாயிருக்குன்னு சொன்னாங்க. இந்தத் தபா இல்லாம இருந்தா ஸ்கூலுக்கு அனுப்பலாமான்னு கேக்கணும்."

பேருந்து வந்து நிற்கிறது. நடத்துநர் இறங்கி, பையை மேலே வைக்கச் சொல்கிறார். தாய் தலையசைத்து மறுக்கிறார். உள்ளே திருகு மூடி போட்ட சிறு டப்பா, லேபிள் ஒட்டியிருக்கிறது. "டெஸ்ட்டுக்குக் குடுக்கணுங்க, மடியிலயே வெச்சிக்கறேன். ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃப்." ஜன்னலோர இருக்கையில் இருமிக்கொண்டிருந்த பெரியவர், குழந்தையின் கவசத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பின்வரிசைக்குப் போகிறார். சிறுமி ஜன்னல் பக்கம் ஏறிக்கொண்டு, பாத்தியில் தலைகள் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள்.

"ஒன்பதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துடுவமா?"

"எட்டரைக்குத் திருவான்மியூர்ல இறக்கிவுட்டுடறேன். அங்கருந்து ஆட்டோ புடிங்கம்மா, கூட்டத்துல கொழந்தைய ஏத்தாதீங்க."